வசந்தமலர் சொன்ன ‘இல்லை’

வசந்தமலருக்கு வாய்தான் தொழில். ஒன்பது வருடமாக அந்த வாயை ஆஸ்பத்திரிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள்.

லண்டன் இல்ஃபோர்ட் வீட்டின் மேல்மாடியில் ஒரு கட்டில்கூடப் போட முடியாத சின்ன அறை. அதற்குள் ஒரு மேசை, ஒரு கணினி, தலையில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்ஃபோன். இந்த நாட்டில் எந்த மூலையிலாவது ஆங்கிலம் தெரியாத ஒரு தமிழர் டொக்டரோடு பேச வேண்டுமென்றால், லைன் இவளுக்கு வரலாம். கிளாஸ்கோவில் ஒருவர் “எனக்கு நெஞ்சு நோகுது” என்பார். இவள் அதை ஆங்கிலத்தில் “எனக்கு நெஞ்சு வலிக்கிறது” என்பாள். ‘அவருக்கு’ என்று சொல்லக்கூடாது, ‘எனக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தெரிந்த ஆளாயிருந்தால் அந்த நிமிடமே சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். நாளுக்கு இரண்டு பைக்கட் சிகரெட் ஊதுகிறவன் இருமி இருமி “நான் அதைத் தொட்டதேயில்லை” என்று சத்தியம் பண்ணினாலும், அதை அப்படியே அழகான ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பாள். முடித்த பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து “அறுவானே, ஆரை ஏமாத்துறாய்?” என்று திட்டித் தீர்ப்பாள். ஒன்பது வருடத்தில் அவள்மேல் ஒரு முறைப்பாடு கிடையாது.

ஊருக்கெல்லாம் வாயாக இருந்தவளுக்குத் தன் புருஷன் விஷயத்தில் மட்டும் வாயே இல்லாமல் போய்விட்டது.

புருஷன் பெயர் சண்முகராசா. ஜெர்மனியில் பதினாறு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். டொச் மொழியில் பகிடி விடுவார், சண்டை பிடிப்பார். ஆங்கிலம் என்றால் ‘யெஸ், நோ, தாங்க்யூ’ என்பதோடு சரக்கு முடிந்துவிடும். தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி இறக்குகிற வான் ஓட்டுகிறார். தங்கமான மனிதர்தான். ஆனால் பிடிவாதம் பிடித்தாரென்றால் அலவாங்கு போட்டு நெம்பினாலும் அசையமாட்டார்.

போன வருடம் வசந்தமலரின் மார்பில் ஒரு கட்டி. சோதனை முடிவு வர மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் சண்முகராசா வாய் திறந்து ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது. நேரே கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்துவிட்டு வந்தார். கட்டி கெட்டதில்லை என்று முடிவு வந்தால், வருகிற தேர்த் திருவிழாவில் வெளிவீதி முழுக்கப் பிரதட்டை அடிப்பதாக. அதாவது நனைந்த வேட்டியோடு, வெறும் மேலோடு, தேருக்குப் பின்னால் நிலத்தில் உருண்டு உருண்டு கோயிலைச் சுற்றிவருவது. முடிவு நல்லதாகவே வந்தது.

கோயில் லண்டனுக்கு வெளியே, காட்டோரமாக இருந்தது. வெளிவீதியென்று சொல்வதில் பாதி கார் நிறுத்துகிற தார்த் தரை, மற்றப் பாதி வேலியோரப் புல். ஆவணி வெயிலில் ஐம்பத்தேழு வயது மனிதர் அத்தனையையும் உருண்டார். புல்லுப் பக்கம் வந்தபோது மூச்சு வாங்கி, புதர்ப் பற்றைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். வசந்தமலர் கூடவே அழுதுகொண்டு நடந்தாள். தனக்காக ஒரு மனிதர் மண்ணில் புரள்வதைப் பார்த்தால் எவளுக்குத்தான் அழுகை வராது?

இரண்டு நாள் கழித்து முதுகுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, தோள்பட்டைக்குக் கீழே எள்ளளவில் கறுப்பாக ஒன்று தட்டுப்பட்டது. உற்றுப் பார்த்தால் கால் ஆட்டுகிறது.

“இஞ்சாருங்கோ, உண்ணி!”

“மாட்டுக்கும் நாய்க்கும் கடிக்கிறதுதானே. உண்ணி கடிச்சுச் செத்தவன் ஆர்? பிடுங்கி எறியும்.”

இருவரும் சிரித்தார்கள். புருவம் பிடுங்குகிற இடுக்கியால் அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கொஞ்சம் திருநீறும் பூசிவிட்டாள்.

பத்து நாளில் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் ஒன்று வந்தது. தேத்தண்ணிக் கோப்பையின் கீழ்த்தட்டு அளவு. இணையத்தில் தேடிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் வெள்ளைத் தோலில் சிவப்பு வட்டம். இவருடைய கறுத்த முதுகில் அது அடிபட்டுக் கன்றியது போலத்தான் தெரிந்தது. ஆனாலும் வசந்தமலர் படத்தையும் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த லைன் ஒன்று ஞாபகம் வந்தது. ஹோட்டல் வேலை செய்கிற ஒரு பெடியன். உண்ணி கடித்ததா, வட்டமாக வந்ததா என்று டொக்டர் கேட்டார். லைம் நோய் என்றார். ஆரம்பத்தில் பிடித்தால் மாத்திரையோடு போய்விடும், விட்டால் நரம்புக்கும் இருதயத்துக்கும் போகலாம் என்றார். அவ்வளவையும் தமிழாக்கிச் சொன்னவள் இவள்தான்.

சண்முகராசாவிடம் சொன்னாள். மனிதர் துள்ளி எழுந்தார்.

“உமக்கென்ன விசரே? சாமிக்கு உருண்டு பிரண்டு வருத்தம் வந்ததெண்டு நான் டொக்டரிட்டைப் போய்ச் சொல்லுறதோ? நேர்த்தியைக் குறை சொன்னால் என்ன நடக்குமெண்டு தெரியுமோ?”

“என்ன நடக்கும்?”

அவருடைய கண் ஒரு கணம் அவளுடைய மார்புக்குப் போய்விட்டுத் திரும்பியது. வசந்தமலருக்கு விளங்கிவிட்டது. கொடுத்த சாமி திருப்பி எடுத்துவிடும் என்பது இந்த மனிதரின் பயம். தனக்கு என்ன வந்தாலும் வரட்டும், அவளுக்குக் கட்டி திரும்ப வந்துவிடக்கூடாது. அவள் உயிரையே காட்டி அவள் வாயை அடைத்துவிட்டார். இதற்கு ஒரு பெண் என்ன பதில் சொல்ல முடியும்? அன்பு என்றாலும் ஒரு அளவு வேண்டாமா? ஒரு மனிசியை இப்படியா அறைக்குள் போட்டுப் பூட்டுவது?

டொக்டரிடம் காட்ட முதுகைப் படம் எடுக்கப் போனாள். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். டொக்டரின் கிளினிக்குக்கு போன் பண்ணினாள். வரவேற்பில் இருந்த பெண், நோயாளியேதான் போன் எடுக்க வேண்டும் என்றாள். அவர் எடுக்கமாட்டார் என்று கெஞ்சினாள். “மொழிதான் பிரச்சினையென்றால் நாங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்து தருவோம்” என்றாள் அந்தப் பெண், கனிவாக. வசந்தமலருக்குச் சிரிப்பதா, தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டுவதா என்று தெரியவில்லை.

புரட்டாதி முடிவதற்குள் வட்டம் மறைந்தது. “பாத்தீரே? வட்டமும் போச்சு, வருத்தமும் போச்சு” என்று அவர் வெற்றியோடு சொன்னார். அதோடு அவளிடம் காட்டுவதற்கு ஒரு அத்தாட்சியும் இல்லாமல் போயிற்று. பிறகு தலையிடி வந்தது. பிடரி இழுத்தது. முழங்கால் ஒரு நாள் வீங்கும், மறுநாள் வற்றும். மாடிப்படியில் பாதி ஏறிவிட்டு, சப்பாத்து நாடா கட்டுவதுபோல உட்கார்ந்துகொள்வார். அவர் போடுவதோ நாடா இல்லாத சப்பாத்து.

ஒரு வெள்ளிக்கிழமை, அவரோடு வேலை செய்கிற கிளின்ரன் போன் எடுத்தான்.

“அக்கா, அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. இண்டைக்குப் பெரிய ரோட்டிலை வானை ஓரங்கட்டிப்போட்டு ஸ்டியரிங்கிலை தலையை வைச்சுக்கொண்டு கிடந்தவர். நெஞ்சு படபடவெண்டு அடிக்குதாம். தலைச்சுத்தாம்.”

அன்று மாலை அவள் கேட்டாள். “கிளின்ரனுக்கு வேறை வேலையில்லை” என்றார். கத்தினாள். இரண்டு நாள் சமைக்கவில்லை. அவர் பாணும் சம்பலும் தின்றுவிட்டுப் பேசாமல் வேலைக்குப் போனார். இழுத்துக்கொண்டு போக அவர் என்ன சின்னப் பிள்ளையா? பூட்டி வைக்கத்தான் முடியுமா? இனி என்றைக்கு எந்த ரோட்டில் எந்த நேரத்தில் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு லைன் வந்தது.

கதைக்காகப் புளுகுவதாக நினைப்பீர்கள். ஆனால் திங்கள் காலையில் அந்தக் கொம்பனியின் தமிழ் லைனில் இருப்பதே நாலு பேர். அதில் இரண்டு பேர் டொக்டர் வேலை எடுப்பதில்லை. மற்றவர் தாரிணி, பிள்ளை பெற்று லீவில் இருக்கிறாள். அன்றைக்கு வசந்தமலருக்கும் எப்போதாவது வருகிற நீதிமன்ற வேலைதான் போட்டிருந்தது. வீட்டில் அப்படித்தான் சொல்லியும் இருந்தாள். வழக்குத் தள்ளிப்போனதால் டொக்டர் லைனுக்கு வந்திருந்தாள்.

ஒரு பெண் டொக்டர். இளம் குரல். நோயாளி தன் வாகனத்திலிருந்து பேசுகிறார் என்று சொல்லி, பெயரையும் சொன்னார். அது சண்முகராசாவின் பெயர். வசந்தமலரின் வாய் பழக்கத்தில் தன்பாட்டில் ஆரம்பித்தது.

“வணக்கம். நான் உங்கள் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் சொல்வது அனைத்தும் இரகசியமாக இருக்கும்.”

தூரத்தில் ஏதோ லொறி பின்னுக்கு வருகிற சத்தம். பிறகு மிகச் சின்னக் குரலில், “வணக்கம்.”

அவருக்கும் விளங்கிவிட்டது. அவளுக்குத் தெரியாமல் போக வேண்டுமென்று தானே போன் பண்ணி, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டு வாங்கிய மனிதர்! அவ்வளவு பயந்திருக்கிறார்.

அந்த இடத்தில் அவள் விலகியிருக்க வேண்டும். விலகினால் வேறு கொம்பனியிலிருந்தாவது இன்னொருவர் வருவார், அவரிடம் இவர் வசதியாகப் பொய் சொல்லிவிட்டுப் போவார். இருந்தாலோ, ஒரு சொல் கூட்டக்கூடாது. அவள் விலகவில்லை.

சண்முகராசா தலையிடி என்றார், பிடரி நோகிறது என்றார், முழங்கால், களைப்பு. நெஞ்சைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒவ்வொன்றையும் அவள் “எனக்கு, எனக்கு” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். டொக்டர் கெட்டிக்காரி. காட்டுப்பக்கம், புல்வெளி எங்கேயும் போனீர்களா, உண்ணி ஏதாவது கடித்ததா, தோலில் வட்டமாக ஏதாவது வந்ததா என்று கேட்டுவிட்டார்.

வசந்தமலர் அந்தக் கேள்வியைத் தமிழில் மெதுவாகச் சொன்னாள். உண்ணி என்ற சொல்லை அழுத்திச் சொன்னாள். கடவுளே, ஓம் என்று சொல்லட்டும்.

“இல்லை” என்றார் சண்முகராசா.

“இல்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னாள் வசந்தமலர்.

அவள் நினைத்துச் சொல்லவில்லை. ஒன்பது வருடம் பழகிய வாய், நினைப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று விளங்கியது. புருஷனுக்குக் குழி வெட்ட அவர் எடுத்துக் கொடுத்த மண்வெட்டியைத் தானே கைநீட்டி வாங்கியது போலிருந்தது.

அப்படியானால் பாரம் தூக்குவதால் வந்த தசை நோவாக இருக்கலாம் என்றார் டொக்டர். நோவுக்கு மாத்திரை, ஓய்வு, நாலு கிழமையில் சுகமில்லையென்றால் திரும்பப் போன் எடுக்கட்டும்.

“பாரம் தூக்கிறதாலை வந்த நோவாம்” என்று வசந்தமலர் ஆரம்பித்தாள். “நாலு கிழமைக்குப் பிறகும்…” அதற்குமேல் வரவில்லை. நாலு கிழமை. பெரிய ரோட்டில், அறுபது மைல் வேகத்தில் போகிற லொறிகளுக்கு நடுவில், ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக்கொண்டு நாலு கிழமை.

“டொக்டர், நான் நிறுத்துகிறேன்” என்றாள் ஆங்கிலத்தில். “நான் இவருடைய மனைவி. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் பிழை.”

“மலர்! வாயை மூடும்!”

“அவர் என்ன சொல்கிறார்?” என்றார் டொக்டர்.

“வாயை மூடச் சொல்கிறார்.”

ஆனால் மூடவில்லை. ஆவணியில் உண்ணி கடித்ததை, தானே பிடுங்கியதை, வட்டத்தை, வானை ஓரங்கட்டியதை, நெஞ்சு அடித்ததை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். டொக்டரின் குரல் இறுகியது. நோயாளி ‘இல்லை’ என்று சொன்ன ஒன்றை, நீங்கள் ‘ஆம்’ என்பதற்காக நான் எழுதிக்கொள்ள முடியாது, தயவுசெய்து லைனை விட்டு விலகுங்கள், வேறொருவரைக் கேட்கிறேன் என்றார். நியாயம்தான். இந்தச் சட்டத்தை அவளே எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறாள்.

விலகுவதற்கு முன் அவள் தமிழில் பேசினாள்.

“இஞ்சாருங்கோ, கேளுங்கோ. எனக்குக் கட்டி திரும்பி வந்தால் வரட்டும். அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் றோட்டிலை செத்துத்தான் நான் இருக்கவேணுமெண்டால், எனக்கு அந்தச் சீவியம் வேண்டாம். சாமியிட்டையும் நான் அப்பிடித்தான் சொல்லுவன்.”

“என்ன சொன்னீர்கள்?” என்று டொக்டர் கேட்டார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக வசந்தமலர் மொழிபெயர்க்க மறுத்தாள். லைனைத் துண்டிக்கிற பொத்தானில் விரலை வைத்தாள்.

“டொக்டர்” என்றார் சண்முகராசா. தன்னுடைய அந்த அரைகுறை ஆங்கிலத்தில். “யெஸ். பைட், யெஸ். பேக் சைட். மை வைஃப் ஸீ. ஹார்ட் ஆல்ஸோ… டக் டக் டக்.”

டொக்டர் வேறொருவரைக் கேட்கவில்லை. அவசரமாகப் பேசினார். இனி ஒரு அடிகூட வான் ஓட்ட வேண்டாம். யாராவது அவரை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். முதலில் இருதயத்தைப் பார்க்க வேண்டும், இரத்தம் எடுக்க வேண்டும், மருந்து இன்றைக்கே தொடங்கலாம். இரண்டு மாதம் போய்விட்டது, அது எவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று இப்போது சொல்ல முடியாது. வசந்தமலர் எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள், கூட்டாமல், குறைக்காமல். ‘சொல்ல முடியாது’ என்பதையும் சேர்த்து.

அவர் எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்றார். பிறகு கேட்டார்.

“மலர், நான் சொல்லிப்போட்டன். உமக்கு ஒண்டும் நடக்காதே?”

“ஒண்டும் நடக்காது. வானுக்குள்ளையே இருங்கோ. கிளின்ரனைக் கூட்டிக்கொண்டு நான் இப்ப வாறன்.”

“அவர் என்ன கேட்கிறார்?” என்றார் டொக்டர். “இருதயத்தைப் பற்றியா?”

வசந்தமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இல்லை டொக்டர்” என்றாள். “அவருக்கு என்னைப் பற்றித்தான் பயம்.”