மதினியின் பானையில் ஜப்பான் கொழுக்கட்டை

2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. விடியற்காலையில் சுபஹு தொழுதேன். கடற்கரை வரை நடந்து திரும்பினேன். வாரத்துச் சட்டைகளை அயன் செய்து, நிறம் பிரித்து அடுக்கினேன். பிறகு சந்தைக்குப் போய் எலும்பில்லாத மாட்டிறைச்சியை அரைத்து வாங்கி வந்தேன்.

காரணம், ஜப்பானில் வேலை செய்யும் மகன். அங்கே பன்றி இறைச்சி வைத்து ஆவியில் அவிக்கும் ஒரு கொழுக்கட்டையின் படத்தை அனுப்பி, "உள்ளுக்குப் பண்டி வாப்பா, எனக்கு மணத்தோட சரி" என்று எழுதியிருந்தான். அதை மாட்டிறைச்சியில் செய்து பார்ப்பது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். எங்கள் பானை சிறியது. அடுத்த வீட்டு மதினி, அதாவது மனைவி ராத்தா என்று கூப்பிடும் அவளுடைய அக்கா, தன் பெரிய இடியப்பப் பானையைத் தந்தார்.

"பின்னேரம் தந்திரணும் தம்பி. நாளைக்குக் காலையில மருதமுனையில இருந்து என்ட மகளைப் பொண்ணு பார்க்க வாறாங்க. இடியப்பம் இதிலதான்."

கோதுமை மாவை மெல்லிசாக உருட்டி வட்டமாக வெட்டினேன். இறைச்சியும் வெங்காயமும் இஞ்சியும் வைத்து, விளிம்புகளை ஒரே அளவாக மடித்தேன். மனைவி மடித்தவை கலைந்த தலைப்பாகை போல இருந்தன. அவற்றை அடித்தட்டில் வைத்தேன்.

எல்லாம் வெந்து வந்த நேரம், செய்முறைக் காணொளியைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டிருந்த என் போன், "இப்போது பன்றி இறைச்சி தயார்!" என்று உரத்துச் சொன்னது. பானையைக் கேட்டு வந்த மதினி குசினி வாசலில் நின்றார்.

"யா அல்லாஹ்! எண்ட பானைக்குள்ளயா?"

"மாடு, மதினி. நான்தான் வாங்கினன்."

"அப்ப அது ஏன் பண்டி எண்டு கத்துது?"

"அது ஜப்பான்காரன்ட கதை ராத்தா," என்றாள் மனைவி.

மதினி கொழுக்கட்டைகளைத் தட்டில் கொட்டிவிட்டுப் பானையைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போனார். பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து. எண்ணும் பொறுப்பு எனக்கு. மதினி நாளைய விருந்தாளிகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டே கழுவியதில், நாலா ஐந்தா என்று எனக்குத் தடுமாறிவிட்டது. முதலிலிருந்து தொடங்கினோம். மனைவி தட்டோடு வந்து வேடிக்கை பார்த்தாள். பேச்சுவாக்கில் மதினி ஒரு கொழுக்கட்டையை எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று.

"ராத்தா, வாயையும் ஏழு தரம் கழுவோணுமே! மண் அள்ளித் தரட்டா?"

"மாடெண்டு எனக்குத் தெரியும்டி. இந்தக் கதை மருதமுனைக்குப் போனா? கழுவினன் எண்டு சொல்லலாம்தானே." மூன்றாவதையும் எடுத்தார். "தம்பி, நாளைக்கு அவங்களுக்கும் இதை வைப்பம்."

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு, முதல் வேலையாகப் போனின் சத்தத்தை முழுவதும் நிறுத்தினேன். பிறகுதான் மாவில் கை வைத்தேன்.