தொட்டியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய்

தேக்கா சந்தையில் டீக்கடைக்காரக் காக்கா ஆற்றிக் கொடுக்கும் தேநீரை நான் உடனே குடிப்பதில்லை. நுரையைப் பார்ப்பேன். குமிழி பெரிதா, பொடியா, உடைய எத்தனை நேரம் ஆகிறது என்று பார்ப்பேன். "என்ன தம்பி, ஈ கீ விழுந்துடுச்சா?" என்பார் காக்கா. நாற்பத்தைந்து வயதுக்காரனைத் தம்பி என்றழைப்பது இந்த ஊர் எனக்களித்த சொற்பச் சலுகைகளில் ஒன்று.

என் பிழைப்பே நுரைதான். சுரங்கங்களுக்கு மிதவைத் தொட்டி செய்யும் பட்டறையில் வரைபடம் போடுகிறேன். தாதுக்கல்லை மாவாக அரைத்து, தண்ணீரும் துளி மருந்தும் கலந்து, சுழலியால் காற்றைப் புகுத்தினால், தாது குமிழியைப் பற்றிக்கொண்டு மேலே வரும். வெறுங்கல் அடியில் தங்கிவிடும். மிதப்பது சரக்கு, தங்குவது கழிவு. கல் மிதக்கிறது என்று ஆம்பூர் மாமனாருக்கு எழுதினேன். வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளும்படி பதில் வந்தது.

முன்பு கோலார் தங்கவயலில், புது இயந்திரத்தை ஓட்டுமுன் அதன் தலையில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிப் பொட்டு வைப்போம். அவை பாறை உடைக்கும் இயந்திரங்கள். எண்ணெய் அவற்றுக்கு நல்லதுதான். சென்ற ஆண்டு பகாங் செம்புச் சுரங்கத்துக்கான தொட்டியின் வெள்ளோட்டத்தன்று, அதே கையால் சுழலியின் தலையில் ஊற்றினேன். எண்ணெய் பட்டால் நுரை சாகும் என்று எனக்குத் தெரியாதா? படிப்பு தலையில் இருந்தது, பழக்கம் கையில். எலுமிச்சம்பழத்தோடு பக்கத்தில் நின்றவன் வீரையன். கோலாரில் அடுத்த வீட்டுக்காரன், என் சிபாரிசில் வந்த ஃபிட்டர்.

சுரங்கத்துத் துரைமார் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நுரை எழவில்லை. அவர்கள் போனதும் சீன முதலாளி தொட்டியில் விரலை விட்டு முகர்ந்தார்.

"இதுல மீ வறுத்தீங்களா?" என்று நூடுல்ஸைச் சொல்லி மலாயில் கேட்டார். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஊத்துனது யாரு?"

"நான்தான் தவுக்கே," என்று முதலாளியிடம் சொன்னான் வீரையன்.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

வெளியே வந்ததும் அவன் சொன்னான்: "சும்மா இருங்கண்ணே. உங்களுக்கு ஸ்கூல் போற பொண்ணு இருக்கு. நான் ஒண்டிக்கட்டை, எங்கயும் படுத்துக்குவேன் லா."

இரண்டு வருடத்தில் இந்த ஊர் அவனுக்குத் தந்தது பேச்சின் வாலில் ஒட்டும் அந்த 'லா' ஒன்றுதான். அவன் வேலை போயிற்று; வேலை போனால் இங்கே தங்க அனுமதியில்லை. முதலாளியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் இருந்தது. ஆறு நாள் வாசகம் தயாரித்தேன். ஏழாம் நாள் கப்பல்.

அன்று காலைதான், மூன்று முறை சோடா போட்டுக் கழுவிய தொட்டியில் நுரை தடிப்பாக எழுந்தது. அதைச் சொல்லத்தான் துறைமுகத்துக்கு ஓடினேன். கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். மேல்தட்டிலிருந்து வீரையன் கையசைத்தான். கப்பல் ஊர்ப்பக்கம் மிதந்து போனது.

நான் தங்கிவிட்டேன்.