பிளக்காத கட்டை

செம்பைத் தலைக்கு மேலே தூக்கிய அய்யாக்கண்ணு, தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொள்ளாமல், வாசல் பந்தலில் தொங்கும் கட்டையின் மேல் ஊற்றுகிறார். ஊற்றிவிட்டு அதற்கு நேர் கீழே போய் நின்றுகொள்கிறார். கட்டையைச் சுற்றிப் படர்ந்த வேர்களில் இறங்கி, இலை நுனியில் சற்றுத் தயங்கி, சொட்டுச் சொட்டாக விழுகிற தண்ணீரில்தான் அவருடைய குளியல். கட்டை முடிந்தால் அடுத்தது தேங்காய் மட்டைகள். ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு செம்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே நகர்ந்து நகர்ந்து நிற்கிறார். ஒரு குடம் தண்ணீர், பதினோரு செடி, ஒரு மனிதர். பெரம்பலூரில் கிணறெல்லாம் பாறையைக் காட்டுகிற வருஷம் இது. "செடி குளிச்ச மிச்சம் எனக்குப் போதுங்க. நான் என்ன பூக்கவா போறேன்?" என்கிறார்.

துறைமங்கலம் போகிற சாலையில் காசிநாதனுடைய விறகுத் தொட்டி இருக்கிறது. அதில் முப்பது வருஷமாகக் கட்டை பிளக்கிறவர் இவர். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். மற்றவர்கள் கட்டையைப் பார்த்ததும் கோடாலியை ஓங்குவார்கள். இவர் முதலில் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். கட்டையைப் புரட்டி இன்னொரு தடவை தட்டுவார். "எந்தப் பக்கமா போவணும்னு அதுவே சொல்லும். நாமதான் காது குடுக்கறதில்ல." பிறகு இரண்டே போடு. பத்துப் போடு போட்டவன் மூச்சு வாங்க நின்றுகொண்டு இதைப் பார்ப்பான்.

யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் போய், பஸ்ஸெல்லாம் கரியில் ஓட ஆரம்பித்ததிலிருந்து, பச்சைமலை மரம் வண்டி வண்டியாகக் கீழே இறங்குகிறது. அய்யாக்கண்ணு அந்த மலையில் காலை வைத்ததில்லை. மேற்கே நீலமாகத் தெரிவதைத் தொட்டி வாசலில் நின்று பார்ப்பதோடு சரி. ஆனால் மலையில் எந்தச் சரிவில் எந்த மரம் நிற்கிறது, எது காற்றடிக்கும் இடத்தில் வளர்ந்தது என்பதைக் கட்டையைத் தடவியே சொல்லிவிடுவார்.

அந்தக் கட்டைகளில் ஒட்டிக்கொண்டுதான் இந்தச் செடிகள் வந்தன. மலையாட்கள் மரவாழை என்கிறார்கள். தடித்த, மடிந்த இலைகள். கீழே விரல் பருமனில் வெள்ளை வெள்ளையாக வேர்கள். ஒரு சமயம் தொட்டிக்கு வந்த காட்டிலாகா ரேஞ்சர், "இதுக்கு ஆர்க்கிட்னு பேரு. வெள்ளைக்காரன் கண்ணாடியிலேயே வீடு கட்டி இதை வளர்க்கிறான்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். அய்யாக்கண்ணுக்கு அது பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது. "கண்ணாடிக்குள்ள வெச்சா அதுக்கு மூச்சு முட்டாதாங்க?" என்று ஒரு வாரம் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் அவரும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார். பட்டையோடு பட்டையாகப் பிய்த்து மூலையில் எறிந்துவிடுவார். ஒரு நாள் அந்தப் பட்டைக் குவியலைக் கிளறியபோது, இருபது நாளுக்கு முன் எறிந்த செடி ஒன்று கையில் அகப்பட்டது. மண் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, மேலே சித்திரை வெயில். அது பச்சைப் பசேலென்று ஒரு புது வேர் விட்டிருந்தது. "ஒடம்பு சிலுத்துப்போச்சுங்க. நம்மகிட்ட ஒண்ணும் கேக்கல. தூக்கி எறிஞ்சமேன்னு கோவமும் இல்ல. அது பாட்டுக்கு வேரு வுட்டுக்கிட்டுக் கெடக்குது." இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் இறங்கிவிடுகிறது.

பிடித்தது பைத்தியம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டியில் மண் நிரப்பி, மாட்டெரு போட்டு, வேளைக்கொரு தடவை தண்ணீர் ஊற்றினார். பத்தே நாளில் மூன்று செடி அழுகிப்போயிற்று. அதற்குப் பிறகுதான் வேரை மூடக் கூடாது என்று தெரிந்தது. "காத்துதான் அதுக்குச் சோறு. நான் சோத்து மேல மண்ணள்ளிப் போட்டுட்டேன்" என்று இன்னமும் வருத்தப்படுகிறார். இப்போது தேங்காய் மட்டையில் நாலு கரித்துண்டு, நாலு ஓட்டுச் சில்லு வைத்துக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுகிறார். அரிசி களைந்த தண்ணீர் கிடைத்தால் அன்றைக்கு அவற்றுக்கு விருந்து. தண்ணீர் பட்டதும் வெள்ளை வேர் மெல்ல மெல்லப் பச்சையாக மாறும். தினம் நடக்கிற சங்கதிதான். ஆனாலும் தினமும் முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்பார். தெருவில் போகிறவர்களையும் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டுவார். "பொண்ணு பொறந்தன்னைக்குக்கூட இந்த மனுசன் இப்படிப் பாக்கல" என்பாள் அவர் மனைவி செல்வம்மாள்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் மட்டையில் இல்லை, கட்டையில் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன் வந்த இரண்டு முழ உசிலங்கட்டை. அதன் மேல் கை நீளத்துக்கு ஒரு செடி, கட்டையை நாலு பக்கமும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓங்கிய கோடாலியை அய்யாக்கண்ணு இறக்கிவிட்டார். "மொதலாளி, இத நான் பொளக்கல" என்றார். காசிநாதன் சிரித்துவிட்டு, தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். முப்பது வருஷத்தில் அவர் கைக்கு வந்து, அவர் பிளக்காமல் விட்ட கட்டை அது ஒன்றுதான். மட்டைச் செடிகள் ஆளுக்கொரு சிறு பூ பூத்துக் காட்டின. இது காட்டவில்லை. ஒவ்வொரு சித்திரையும் இலை இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். இந்தச் சித்திரையில்தான் ஒரு தண்டு எட்டிப் பார்த்தது. அதில் ஐந்து மொட்டு. அன்றைக்கு அவர் தொட்டிக்கு நேரங்கழித்துப் போனார். அது இதுவரை நடக்காத காரியம்.

அந்தக் கட்டைதான் இன்று இரண்டாகப் பிளந்து, தேங்காய்நார்க் கயிற்றால் கட்டப்பட்டுப் பந்தலில் தொங்குகிறது. பிளந்தது அவரேதான்.

கொல்லைப் பூவரசு காய்ந்து நிழல் போய்விட்டதால், செடிகளையெல்லாம் வாசல் பந்தலுக்கு மாற்றியிருந்தார். அதே வாரம் மகள் முத்தாயியை முதல் பிரசவத்துக்கு அழைத்துவர, செல்வம்மாள் குன்னத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனாள். முத்தாயியின் மாமியார் வீராயி, "புள்ளைய நானே கொண்டாந்து வுட்டுட்டு வரேன்" என்று கூடவே கிளம்பிவிட்டாள். வழி நெடுக செல்வம்மாள் தன் புருஷன் குளிக்கிற அழகைச் சொல்லிப் புலம்ப, வீராயி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்தாளாம். வண்டி வீட்டு வாசலில் நின்றது. முதலில் இறங்கிய வீராயி பந்தலை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணே, செடி செடின்னாங்களே, இந்தப் புல்லுருவியத்தானா?"

வீராயி பருத்தியும் வெங்காயமும் போட்டு வளர்ந்தவள். மரத்தில் ஒட்டிக்கொண்டு அதன் சாற்றை உறிஞ்சிச் சாகடிக்கிற புல்லுருவி எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது மரத்தில் இருந்தாலே வெட்டி எரிப்பார்கள். வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிட்டு, அதன் அடியில் வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணை நடத்திக்கொண்டு போவதா? "மாட்ட அவுக்காதப்பா" என்று வண்டிக்காரரிடம் சொன்னாள். பிறகு அய்யாக்கண்ணு பக்கம் திரும்பினாள். "மூத்த மருமவளுக்குப் பொறந்த ரெண்டையும் மண்ணுக்குக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கேன். இது ஒண்ணாவது தங்கணும் அண்ணே. இதெல்லாத்தையும் எடுத்து எரிச்சாத்தான் புள்ள எறங்கும். இல்லன்னா வந்த வழியே போயிருவோம்."

அவள் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. வண்டிக்குள் முத்தாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம், குன்னத்திலிருந்து வந்த குலுக்கலிலேயே முகம் வெளுத்திருந்தது. திரும்பிப் போவது என்பது நடக்கிற காரியமா? "எடுத்துப் போட்டுருங்களேன், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று செல்வம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவர் கை முதல் மட்டையின் கயிற்றுக்குப் போயும்விட்டது. மகளுக்கு முன்னால் செடி எம்மாத்திரம்? ஆனால் கை அங்கேயே நின்றது. எடுத்து எரித்துவிட்டால், புல்லுருவி கட்டிய வீடு என்பது உண்மையாகிவிடும். நாளைக்குக் குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தாலும் அந்தப் பேச்சு முத்தாயி தலையில் விடியும்.

"அப்பா, அது புல்லுருவி இல்லன்னு அத்தைக்குக் காட்டுங்கப்பா" என்றாள் முத்தாயி, வண்டிக்குள்ளிருந்தே.

அவருக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னார். "இந்தக் கட்டை செத்து அஞ்சு வருசமாச்சு தங்கச்சி. புல்லுருவியா இருந்தா கூடவே செத்திருக்காதா?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு. செத்த கட்டையில உசுரோட ஒக்காந்திருக்கே, அது என்னா ஜென்மம்?"

நல்ல நியாயம் இப்படிக் கவிழ்ந்ததும் அய்யாக்கண்ணு பேச்சை விட்டுவிட்டார். பேச்சு அவர் தொழில் இல்லை. அடுப்புக்குக் கிடந்த விறகில் புல்லுருவி முண்டு வைத்த வேப்பங்கிளை ஒன்றை இழுத்துப் போட்டு, ஒரே போடில் பிளந்தார். ஈறுக்குள் இறங்கிய பல் போல, முண்டின் வேர் மரத்துக்குள் கறுப்பாக இறங்கியிருந்தது. "இதுதான் புல்லுருவி. உள்ள எறங்கிக் குடிக்கும்." அடுத்து ஒரு மட்டைச் செடியை அவிழ்க்கப் போனார். வீராயி தலையை ஆட்டினாள்.

"மட்டையில என்னா இருக்கு அண்ணே, உறிஞ்ச? மரத்துல காட்டுங்க."

மரத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

ஐந்து மொட்டோடு கட்டையை இறக்கிக் கல்லின் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வேர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் போனார், எது எங்கே குறுக்கே போகிறது என்று. பின்பக்கத்தால் தட்டினார். கேட்டார். புரட்டினார். இந்தத் தடவை தட்டியவர் வெகு நேரம் கேட்டுக்கொண்டேயிருந்தார். உள்ளங்கை வேர்த்திருந்தது, துண்டில் துடைத்துக்கொண்டார். கோடாலியை ஓங்கவில்லை. ஓங்கினால் அதிர்வில் மொட்டு உதிர்ந்துவிடும். கட்டை முனையில் காய்ந்த வெடிப்பு ஒன்றில் ஆப்பை வைத்து, சம்மட்டியால் மெல்ல ஒரு தட்டு. இன்னொன்று. மூன்றாவதற்குக் கட்டை பட்டென்று வாய் பிளந்தது. குறுக்கே போன வேர்களில் இரண்டு அறுந்தன. அந்தச் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது, அவருக்குக் கேட்டது.

வீராயி குந்தி உட்கார்ந்தாள். பிளந்த முகத்தில் உள்ளங்கையை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினாள். வெள்ளை மரம், ஒரு கீறல் இல்லை. பட்டைக்குக் கீழே நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மற்றப் பாதியையும் எடுத்து மடியில் வைத்து அதே மாதிரி பார்த்தாள். வெங்காய விதையில் பதர் பார்க்கிற கண்.

"எங்கயும் எறங்கலியே."

"எறங்காதும்மா. சும்மா ஒக்காந்திருக்கு. குடிக்கிறது காத்தும் மழையும்தான். செத்ததுகிட்டகூட ஒண்ணும் வாங்கிக்காது."

அவள் அண்ணாந்து மற்றச் செடிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக, பத்தையும். பார்க்கப் பார்க்க அவள் வாயும் லேசாகத் திறந்துகொண்டது. பிறகு எழுந்து, "மாட்ட அவுருப்பா" என்றாள்.

முத்தாயி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், அந்தத் தாழ்ந்த தோளை. அவளை நிழலில் நிறுத்திவிட்டு, அய்யாக்கண்ணு இரண்டு பாதியையும் சேர்த்து, அறுந்த வேர் நசுங்காமல் கயிறு சுற்றிக் கட்டி, பழைய இடத்திலேயே தூக்கி மாட்டினார். விடிவதற்குள் இரண்டு மொட்டு உதிர்ந்துவிட்டது. மூன்று நின்றது. எட்டாம் நாள் அந்த மூன்றும் விரிந்தன: மங்கிய மஞ்சள் இதழில் பழுப்பு நிறத்தில் வலை பின்னியது போலக் கோடுகள், நடுவில் ஊதா நாக்கு, பந்தல் முழுக்க மணம். அவர் அன்றைக்கும் தொட்டிக்கு நேரங்கழித்துத்தான் போனார். அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்கு, வீட்டுக்குள் நுழையுமுன் கால் கழுவச் செல்வம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முத்தாயி கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த செம்பைச் செல்வம்மாள், "இந்தாங்க அண்ணி" என்று வீராயியிடம் கொடுத்தாள். வீராயி செம்பை வாங்கிக்கொண்டாள். பிறகு பந்தலுக்குள் நடந்து, கட்டிய கட்டைக்கு நேரே நின்று, கையை உயர்த்தி, அறுந்த வேர்கள் மேல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். செம்பு காலியானதும், புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே முதலில் வலது காலை நீட்டினாள். அது நனைந்ததும் இடது காலையும் நீட்டினாள்.