சிவப்பிலிருந்து தொடங்கச் சொன்ன எஸ்தர் ரீச்சர்

எஸ்தர் ரீச்சர் காலமான செய்தி பாடசாலைச் சமையலறைக்கு வந்தபோது, நான் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்குக் கரட் சீவிக்கொண்டிருந்தேன். அதிபர் அம்மையார் வழமையாக உள்ளே வந்து சட்டி மூடியைத் திறந்து பார்ப்பவர். அன்று வாசலோடு நின்றுவிட்டார். காலையில் எஸ்தர் போய்விட்டார் என்று மெதுவாகச் சொன்னார். நோய் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு கெதியில் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நான் மிச்சக் கரட்டையும் சீவி முடித்தேன். பிள்ளைகளுக்குப் பசிக்கும் அல்லவா?

பின்னேரம் எங்கள் தமிழ்ப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டேன். டோர்ட்மண்டின் வடக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆரம்பப் பாடசாலையில் அவரிடம் படிக்காத தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. வந்த முதல் பதில், "எந்த ரீச்சர்?" அடுத்ததாக ஒருவர், ஆபிரிக்கரைக் குறிக்க எங்கள் வீடுகளில் கூச்சமில்லாமல் புழங்கும் அந்த இழிசொல்லைப் போட்டு, "அந்த ரீச்சரோ?" என்று கேட்டிருந்தார். அதன் கீழே கூப்பிய கைகளும் ஒரு தாமரைப் பூவும் வைத்திருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே வருந்தித்தான் எழுதினார். நான் உடனே, "ஓம், அவதான்" என்று பதில் போட்டேன். அனுப்பிய பிறகுதான் எதற்கு ஓம் சொன்னேன் என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டு, அந்தப் பதிலுக்குப் பதிலாக இதை எழுதத் தொடங்கினேன்.

எஸ்தர் டோர்ட்மண்டிலேயே பிறந்தவர். தகப்பனார் கானாவிலிருந்து பொறியியல் படிக்க வந்தவர். தாயார் இந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். இந்தப் பகுதியின் இழுத்துப் பேசும் ஜெர்மன் அவர் வாயில் அவ்வளவு சரளமாக வரும். எந்த ஊர் என்று கேட்டால், "ஹோர்டே" என்று நகரத்தின் தெற்கில் இருக்கும் ஒரு பகுதியின் பெயரைச் சொல்வார். இல்லை, உண்மையில் எந்த ஊர் என்று கேட்டால், "உண்மையிலும் ஹோர்டேதான்" என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த இரண்டாவது கேள்வியை நானும் கேட்டேன். பஸ்ஸில், வைத்தியரிடம், பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரியில் எல்லாம் என்னைக் குடைந்த அதே கேள்வி. அவர் சிரித்துக்கொண்டு, "நீங்களுமோ, ஜெயந்தி?" என்றார். அவர் பேசியது ஜெர்மன்தான். என் நினைவில் அது எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

விளையாட்டு மண்டபத்தில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும் ஒரு பழைய விளையாட்டு இருந்தது. ஒரு பிள்ளை எதிரே நின்று, கறுப்பு மனிதனுக்கு யார் பயம் என்று கத்தும். ஒருவரும் இல்லை என்று மற்றவர்கள் கத்திக்கொண்டு ஓடுவார்கள். எஸ்தர் சிறுமியாக இருந்தபோது அந்தக் கறுப்பு மனிதனாக நிற்கும் பொறுப்பு ஒவ்வொரு முறையும் அவருக்கே கிடைத்ததாம். ஆசிரியையாகி வந்த பிறகு அந்த விளையாட்டின் பெயரை மாற்ற வைத்தார். அத்தோடு விடவில்லை. ஒவ்வொரு பெப்ரவரியிலும் கறுப்பினத்தவரின் வரலாற்றையும் பண்பாட்டையும் கொண்டாட எங்கள் பாடசாலைக்கு ஒரு வாரம் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் கொடுத்தார் என்று சொல்வதே சரி. கூட்டத்துக்குக் கூட்டம் பேசிப் பேசித்தான் அது கிடைத்தது.

முதல் பெப்ரவரியில் அவர் ஒரு பை நிலக்கடலையோடு நேரே சமையலறைக்கு வந்தார்.

"ஜெயந்தி, கச்சான் கறி வைக்கத் தெரியுமோ?"

"கச்சானில கறியோ? நாங்கள் வறுத்துக் கொறிக்கிறதோட சரி."

"அப்ப நான் சொல்லச் சொல்ல வையுங்கோ. தூள் மட்டும் கனக்கப் போடாதேங்கோ."

நான் அவர் திரும்பிய நேரம் பார்த்து ஒரு கரண்டி யாழ்ப்பாணத் தூள் போட்டேன். ருசி பார்த்தவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "இது கானாவும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை" என்றார். பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தட்டை நீட்டுவதைப் பார்த்துவிட்டு, "சரி, இனி இதுதான்" என்று முடித்தார். அதன் பிறகு எல்லாப் பெப்ரவரியும் அந்தக் கறிதான்.

நடைபாதைச் சுவர் முழுக்கப் புகழ்பெற்ற கறுப்பினத்தவரின் படங்கள் வைப்பார். ஹாலே நகரத்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தத்துவம் கற்பித்த ஒரு கறுப்பினத்தவரின் கதையை மூன்றாம் வகுப்புக்குச் சொல்லுவார். அதே ஹாலேயில் அந்தக் காலத்துத் தமிழ்க் கடிதங்களும் சுவடிகளும் இருக்கின்றன என்று அறிந்து, அவற்றின் படத்தையும் அருகில் ஒட்டினார். "உங்கட எழுத்தும் எங்கட ஆளும் ஒரே ஊரில இருந்திருக்கினம். நாங்கள் இரண்டு பேரும் இஞ்ச இருக்கிறதில என்ன புதினம்?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். அந்தப் பெருந்தன்மைக்கு நாங்கள் என்ன மரியாதை செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் மகள் தர்சினி அவரிடம் படித்த வருடம், பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தாங்களே வரைந்தார்கள். நிறம் கலக்க முன்னர் எஸ்தர் கறுப்பு வர்ணப் போத்தலைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாராம். "தோலுக்குக் கறுப்பு வேண்டாம். சிவப்பில இருந்து தொடங்குங்கோ. பிறகு மஞ்சள், பிறகு துளி நீலம். கையைப் பக்கத்தில வைச்சுப் பாத்துப் பாத்துக் கலவுங்கோ." தர்சினி காலை முழுக்கக் கலந்து, தன் நிறத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டாள். நல்ல ஆழமான மண்ணிறம். கண்ணாடியைப் பார்த்த மாதிரி இருந்தது. பிள்ளைகளின் முகங்கள் அந்தப் பெப்ரவரிச் சுவரிலேயே தொங்கின.

பெற்றோர் சந்திப்புக்கு வந்த எங்கள் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகளை இப்படிக் கறுப்பாகக் கீறிவைத்தால் யார் பார்ப்பார்கள் என்றார்கள். அதுவும் அந்தப் படங்களோடு சேர்த்து. நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று ரீச்சரிடம் சொல்ல வேண்டும் என்றார்கள். பாடசாலையில் வேலை செய்வதால் என்னையே பேச அனுப்பினார்கள். போனேன், சொன்னேன். அந்தச் சுவரில் இருந்த என் மகளின் முகம் எனக்கும் பிடிக்கவில்லை என்பதே உண்மை.

எஸ்தர் வாதாடவில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தமிழ்ப் பிள்ளைகளின் படங்களை எடுத்தார். என்னிடம் தருவார் என்று கையை நீட்டினேன். "பிள்ளையள் கேட்டால் குடுப்பன். உங்களிட்டத் தர ஏலாது" என்றார். அவர் என்னோடு குரல் இறுகிப் பேசியது அந்த ஒருமுறைதான். அடுத்த நாள் வழமைபோலச் சமையலறைக்கு வந்து தேத்தண்ணி கேட்டார்.

அந்த வருடமே எங்கள் கலைவிழாவுக்கு அவரை அழைத்தோம். செய்ததற்குப் பிராயச்சித்தம் என்று எவரும் சொல்லவில்லை, ஆனால் அதுதான். கலைவிழாவில் பிள்ளைகளுக்கு மேக்கப் போடுவது என் பொறுப்பு. எங்கள் ஆட்களுக்கு அது எப்படி என்று தெரியும். எந்த நிறப் பிள்ளை வந்தாலும் ஒரே வெள்ளைப் பூச்சு. அதற்கு மேல் பவுடர். கழுத்தும் காதும் தங்கள் நிறத்தில் இருக்க, முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். பிள்ளை வடிவாக இருக்கிறது என்று தாய்மார் என் கையைப் பிடித்துப் பாராட்டுவார்கள். கறுத்த பிள்ளைக்கு இரண்டு தரம் பூசுவேன். என் பிள்ளைக்கு மூன்று தரம்.

நடனம் முடிந்ததும் எஸ்தர் ஒரு பூங்கொத்தோடு மேடைக்குப் பின்னால் வந்தார். தர்சினியைத் தேடினார். அவள் அவருக்கு முன்னாலேயே நின்றாள். "ரீச்சர், நான்தான்" என்ற பிறகே அடையாளம் தெரிந்தது. குனிந்து பூவைக் கொடுத்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"இந்த நடனத்தில பிள்ளையள் எந்தப் பாத்திரமா வருகினம்? ஆவியளோ?"

கிண்டலே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கோவில் திருவிழாவைப் பற்றிய நடனம் என்றேன், ஊர்ப் பிள்ளைகளாகத்தான் வருகிறார்கள் என்றேன். அவர் தர்சினியின் கழுத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கதை ஒன்றைச் சொன்னார். சிறு வயதில் அவருடைய தேவாலயத்தில் பிள்ளைகள், குழந்தை யேசுவைப் பார்க்க வந்த மூன்று அரசர் வேடம் போட்டு வீடு வீடாகப் போவார்களாம். ஒரு அரசர் கறுப்பு. அதற்கு ஒரு வெள்ளைப் பையனைப் பிடித்து முகத்தில் கரி பூசினார்கள். "நான் பக்கத்தில நிக்கிறன், ஜெயந்தி. ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை." பிறகு, வடை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

தர்சினி அதன் பிறகு என் மேக்கப் பெட்டிக்கு முன் உட்காரவில்லை. நடனத்தையும் விட்டுவிட்டாள். நான் அடுத்த வருடமும் மற்றப் பிள்ளைகளுக்கு அதையே பூசினேன். தாய்மார் கேட்கிறார்கள் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். என் மகள் வளர்ந்து முதல் தடவையாக மேக்கப் வாங்க ஆசைப்பட்டபோது, அவளை ஆபிரிக்கக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பொருத்தமான நிறம் பார்த்து வாங்கிக் கொடுத்தவர் எஸ்தர். தாய் செய்ய வேண்டிய காரியம். இன்று தர்சினி ஆசிரியர் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். ஏன் அந்தப் படிப்பு என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது குரல் நன்றாக இறங்கியிருந்தது. "பெப்ரவரிக்குக் கச்சான் சொல்லியாச்சோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "தூளைக் குறைச்சுப் போடுங்கோ" என்றார். மாட்டேன் என்று இருவருக்கும் தெரியும்.

அடக்கத்துக்கு முதல் நாள் அவருடைய தங்கை ரூத் தொலைபேசி எடுத்தார். சவச்சாலைக்காரர் எஸ்தரின் முகத்துக்கு ஏதோ பூசியிருக்கிறார்கள், அக்கா மாதிரியே இல்லை, இப்படி எப்படி ஆட்களுக்குக் காட்டுவது என்று அழுதார். "நீங்கள் பிள்ளையளுக்கு மேக்கப் போடுறனீங்கள் எண்டு அக்கா சொல்லியிருக்கிறா. ஒருக்கா வாங்கோ." பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தர்சினியும் வந்தாள்.

எஸ்தர் சாம்பல் நிறத்தில் கிடந்தார். வெள்ளைத் தோலுக்கென்று வைத்திருந்த பூச்சைப் பூசியிருந்தார்கள். கழுத்து அவருடையது. முகம் வேறு யாருடையதோ. மேடைக்குப் பின்னால் நான் வரிசையாக நிறுத்திவைத்த பிள்ளைகளின் முகம் அது. பெட்டியைத் திறந்தேன். இத்தனை வருடம் சேர்த்த குப்பிகள் எல்லாம் வெளிறிய நிறம். அவருக்குப் பொருந்தும் ஒன்று அதில் இல்லை. என் மகளுக்குப் பொருந்தும் ஒன்றும் இல்லை. ரூத் என் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்து வெட்கம் இதை எழுதும்போதும் என் காதில் சுடுகிறது.

தர்சினி பஞ்சை நனைத்து என் கையில் தந்தாள். நான் துடைத்தேன். நெற்றி, கன்னம், மூக்கின் ஓரம். கொஞ்சம் கொஞ்சமாக எஸ்தர் வெளியே வந்தார். நோய் உறிஞ்சிய வெளிறல் மட்டும் மிஞ்சியது. தர்சினி தன் பையிலிருந்த மண்ணிறப் பூச்சைப் புறங்கையில் விட்டாள். அவரை விட அவள் ஒரு படி வெளிர்நிறம், அப்படியே போட முடியாது. நான் கண் மையை எடுத்து நீட்டினேன்.

"கறுப்பு வேண்டாம், அம்மா" என்றாள். "சிவப்பில இருந்து தொடங்கோணும்."

உதட்டுச் சாயத்தைத் தொட்டு அதில் கலந்தாள். பிறகு எஸ்தரின் கையருகே தன் கையை வைத்துப் பார்த்தாள், மீண்டும் கலந்தாள், மீண்டும் வைத்துப் பார்த்தாள். அவள் பூசி முடித்ததும் ரூத், "அக்கா" என்று கூப்பிட்டார்.

எஸ்தர் ரீச்சர், உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிட்டேன். என் பிள்ளையின் முகத்தை நான் அன்று சுவரிலிருந்து இறக்கச் சொன்னேன். அவள் மறுநாளே வந்து உங்களிடம் அதைக் கேட்டு வாங்கினாளாம். சவச்சாலையிலிருந்து வரும் வழியில்தான் எனக்குச் சொன்னாள். அது இப்போது எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிறது. நானே ஆணி அடித்தேன். போய் வாங்கோ, ரீச்சர்.