கோபம் வந்தால் உட்கார்ந்துவிடுவார்

என் வீட்டுக்காரருக்குக் கோபம் அதிகம். சம்பந்தம் பேசும்போதே என் மாமியார் அதை மறைக்கவில்லை. "தங்கமான பிள்ளை, கோபம் மட்டும் கொஞ்சம் முந்திக்கிட்டு வரும்" என்று சொல்லித்தான் பெண் கேட்டார்.

கம்பத்திலிருந்து மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது அவர் தொழில். விடியுமுன்னே கிளம்ப வேண்டும். ஒருநாள் காலையில் சட்னியில் உப்பு கூடிவிட்டது. தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். சத்தத்தில் விழித்த எங்கள் மகள், சின்னப் பிள்ளை அப்போது, ஓடிப்போய் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். "அத்தாகிட்ட வாம்மா" என்று அவர் எவ்வளவோ கூப்பிட்டார். அவள் வரவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே போய்விட்டார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் பள்ளிவாசல் ஹஜ்ரத் கோபத்தைப் பற்றிப் பேசினாராம். நிற்கும்போது கோபம் வந்தால் உட்காருங்கள், அதிலும் அடங்காவிட்டால் படுத்துக்கொள்ளுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொல்லிக்கொடுத்ததை எடுத்துச் சொன்னாராம். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அவர் வீட்டில் வந்து ஒன்றும் சொல்லவில்லை.

நான் பார்த்தது வேறு. ஒருநாள் நான் மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி நிறைந்து, வாசலெல்லாம் தண்ணீர் ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தவர், பாதியில் நின்று, அந்த ஈரத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, தலை சுத்துதா?"

"ஒண்ணுமில்ல. நீ உள்ள போ புள்ள."

கைலி முழுக்க நனைந்து எழுந்து வந்தார். நான் அதைத் துவைத்துப் போட்டேன்.

எல்லா நேரமும் அவரால் முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு கல்யாண வீட்டில் தன் தம்பியைச் சபை நடுவே வைத்துத் திட்டிவிட்டு, மறுநாள் அதிகாலை பஜ்ர் தொழுத கையோடு மன்னிப்புக் கேட்டுத் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார். ஆனாலும் மெல்ல மெல்ல மாறினார். ஒருமுறை கம்பம்மெட்டு வளைவில் எதிரே வந்த லாரி, ஜீப்பின் கதவை நசுக்கிவிட்டது. நடந்ததை ஜீப்பில் இருந்த ஓர் அக்கா வந்து சொன்னார்.

"முஷ்டியை மடக்கிக்கிட்டு இறங்குனாக. இன்னைக்கு அடிதடிதான்னு நாங்க நடுங்கிப்போனோம். பார்த்தா, ரோட்டோரத்துல போய் உக்காந்துட்டாக. அந்த மலையாளத்து டிரைவர் நெஞ்சுவலின்னு நெனச்சுட்டான். 'எந்து பற்றி சேட்டா', என்னாச்சு அண்ணேன்னு ஓடிவந்து தண்ணி குடுக்கான், முதுகைத் தடவுறான். உங்காளு தண்ணியைக் குடிச்சுட்டுச் சிரிக்காக."

அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் கேட்டேவிட்டேன். அப்போதுதான் பயான் கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு, "பிள்ளை அன்னைக்குப் பீரோ சந்துலருந்து பார்த்துச்சே, அந்தப் பார்வையை என்னால தாங்க முடியல" என்றார்.

மகள் வளர்ந்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறேன் என்றபோது அவர் முதலில் உட்கார்ந்தார். பிறகு கூடத்தின் நடுவில் நீட்டிப் படுத்துக்கொண்டார். நான் பயந்து அடுப்படிப் பக்கம் ஒதுங்கினேன். அவளோ பயப்படவே இல்லை. தலையணையை எடுத்துவந்து அவர் தலைக்குக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "தங்குற இடம் எப்படின்னு நானும் வந்து பார்ப்பேன்" என்றார்.

"வாங்கத்தா" என்றாள்.

சிறுநீரகம் கெட்டுப்போய் தேனிக்கு டயாலிசிஸ் போய்வந்த நாட்களில் எந்நேரமும் படுக்கைதான். "யார் மேல இம்புட்டுக் கோபம்?" என்று கேட்பேன். "உன் மேலதான், கஞ்சியில உப்பே இல்ல" என்பார். உப்பு போடக்கூடாது என்று டாக்டர் சொன்னது இருவருக்கும் தெரியும். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் கேட்டேன்.

அவர் மவுத்தானபோது துக்கம் கேட்க வந்த ஹஜ்ரத், திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார். மறுமையின் தராசில் நற்குணத்தைவிடக் கனமானது எதுவும் இல்லை என்று நபிமொழியில் வந்திருக்கிறதும்மா என்றார். நான் கேட்டுக்கொண்டேன். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தராசு வேண்டியிருக்கவில்லை, ஆள் வேண்டியிருந்தார். ஒரு முரட்டு மனிதர் என் கண் முன்னால், என்னோடு வாழ்ந்துகொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக மென்மையாகிவந்தார். மீதியையும் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. கிழவனானால் எப்படி இருந்திருப்பார், பேரப்பிள்ளை கண்ணாடியை உடைத்தால் என்ன செய்திருப்பார் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாள். நோன்பு முடியட்டும் என்கிறேன். சாயங்காலமானால் மலையிலிருந்து ஜீப்புகள் வரிசையாக இறங்குகின்றன. எங்கள் தெருமுனையில், லாரி கதையைச் சொன்ன அந்த அக்கா இறங்கி, ஏலக்காய் வாசம் அடிக்கும் சேலையோடு வாசலில் வந்து நிற்பார்.

"சாப்பிட்டீகளா?"

"இனிமேத்தான்க்கா. நோன்பு திறக்கப் பாங்கு சொல்லட்டும், உள்ள வாங்க" என்பேன். இருட்டும்வரை அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்.