அவிழ்த்த கட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் மொட்டை மாடியில் நனைந்த கம்பளியைப் பிழிந்தார்கள். ஆளுக்கொரு முனை, எதிரெதிராக முறுக்க வேண்டும். மகள் ஏதோ யோசனையில் அம்மா முறுக்கிய பக்கமே முறுக்கினாள். கம்பளி சும்மா சுழன்றது.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவ, இதுல கோட்டை விடுறியே" என்று சிரித்தாள் அம்மா.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற பஸ்ஸில், அம்மா உட்கார்ந்தபடியே போய்விட்டாள். மாரடைப்பு.

அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான ரோலருக்குள் கொடுக்க வேண்டும். ரோலருக்கு முன்னால் விரல் உயரத்தில் ஒரு கம்பி. கை பட்டால் மிஷின் நின்றுவிடும். சுருண்ட துணி பட்டாலும் நிற்கும், வேலை பிந்தும். அதனால் பழைய விரிப்பில் கிழித்த நாடாவால் கம்பி அசையாதபடி கட்டிப்போட்டுவிடுவார்கள். புதிதாக வருகிறவளுக்கு முதல் பாடமே அந்த முடிச்சுதான்.

அம்மாவும் கட்டியவள்தான். தொழிலாளர் சங்கத்தின் விடுமுறை நாள் வகுப்புக்குப் போன பிறகுதான், ஆபத்தான மிஷினில் நிற்க மறுப்பதற்கு உரிமை உண்டு என்று தெரிந்தது. தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்கு வராது. சாப்பாட்டு அறையில் டிபன் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சையும் திறந்தாள். சூப்பர்வைசர் 'வக்கீலம்மா' என்று பட்டம் கட்டினார்.

"ஃபீஸ் குடுங்க சார், உங்களுக்கும் வாதாடுறேன்" என்றாள்.

பிறகு, வேலைக்குச் சேர்ந்து சில நாளே ஆன ஒரு பெண்ணின் கை ரோலருக்குள் போனது. விரல்கள் வெந்துவிட்டன. அவளாகவே கம்பியைக் கட்டினாள், அவள் தப்பு என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். வைத்தியத்துக்கும் கைவிரித்தார்கள். அம்மா அவளைக் கூட்டிப் போய் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்க வைத்தாள்.

மறுநாள் அம்மா தன் மிஷினின் கட்டை அவிழ்த்தாள். மற்றவர்கள் முடிச்சில் கையை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். ரோலர்கள் நின்று நின்று ஓடின. சூப்பர்வைசர் வந்தார்.

"யாரு அவுக்கச் சொன்னது?"

"கட்டச் சொன்னது யாரு சார்? அதை முதல்ல சொல்லுங்க."

கட்டாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார் அவர். எல்லோரும் திரும்பக் கட்டினார்கள், அம்மாவைத் தவிர. அவளை ரத்தம் தோய்ந்த ஆஸ்பத்திரித் துணி பிரிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள்.

தொழிலாளர் அலுவலக விசாரணைக்கு யார் சாட்சி சொல்ல வருவீர்கள் என்று சாப்பாட்டு அறையில் அம்மா கேட்டபோது எல்லோரும் குனிந்து சாப்பிட்டார்கள். "எங்க வீட்டுலயும் அடுப்பு எரியணும்க்கா" என்றாள் ஒருத்தி. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை.

சூப்பர்வைசர் விரல் வெந்த பெண்ணிடம் கம்பியைக் கட்டச் சொன்னதைப் பக்கத்து மிஷினில் நின்று கேட்டவள் ஒருத்திதான், நெட்டையக்கா. விபத்து நடந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். அம்மா அவள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து, தான் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள், கையில் கட்டுடன் அந்தப் பெண் வந்து வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நாளைக்கு விசாரணை. நெட்டையக்காவைப் பாக்க அம்மா போறேன்னு சொல்லியிருந்தாங்க."

மகளுக்கு அந்தக் கம்பி எப்படி வேலை செய்யும் என்று விளக்கத் தெரியும். யார் கட்டச் சொன்னது என்பதை எந்த மிஷினும் சொல்லாது. முகவரியைக் கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நெட்டையக்கா சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சம் திறந்தாள். மகள் தான் யார் என்று சொன்னாள்.

"வக்கீலம்மா எங்க?"

மகள் சொன்னாள்.

"அவங்க பக்கத்துல நின்னா சொல்லிடலாம்னு இருந்தேன்" என்றாள் நெட்டையக்கா.

"நான் நிக்கிறேன்."

நெட்டையக்கா சங்கிலியை எடுக்கவில்லை, கதவைச் சாத்தவுமில்லை.