குருசுக்குப்பத்தில் ஒரு மார்மன் வேதம்

பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டுக் குருமடத்திலிருந்து வந்த மூன்றாவது வாரம், மாசி மாதத்து வியாழக்கிழமை, புதுச்சேரிக்குப் போனேன். காரணம் ஒரு புத்தகம். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு விவசாயி மகன், பதினாலு வயசு, எந்தக் கிறிஸ்தவச் சபை சரி என்று தோப்புக்குள் முட்டி போட்டுக் கேட்டானாம். கடவுளே வந்து பதில் சொன்னாராம். பிறகு குன்றைத் தோண்டிப் பொன் தகடுகள் எடுத்தேன் என்றான். அதிலிருந்து வந்ததுதான் மார்மன்களின் வேதம். அந்தக் காலத்தில் அங்கே ஆளுக்கொரு மதம் கிளம்பியிருக்கிறது. ஒருவர் உலகம் முடியும் நாளையே குறித்துக் கொடுத்தார். முடியவில்லை.

நான் நாலு வருஷம் முட்டி போட்டேன். ஒரு வார்த்தை வரவில்லை. அவனுக்கு மட்டும் எப்படி வந்தது? அந்தப் புத்தகம் பிரெஞ்சில் தன் அக்கா வீட்டில் இருப்பதாகக் குருமடத்து நண்பன் சொல்லியிருந்தான். கேட்டு வாங்கிவரக் கிளம்பினேன்.

விழுப்புரத்தில் காலை 6.40 ரயில். இருபத்துநாலு மைல், ஆறணா. பிரெஞ்சு எல்லையில் சுங்கக்காரர்கள் மூட்டைகளைக் கிளற முக்கால் மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து குருசுக்குப்பம் இரண்டு மைல், புஷ்வண்டிக்கு மூணணா. பின்னாலிருந்து தள்ளியவர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“இங்க இருக்கற சாமிங்களே நம்மள கண்டுக்க மாட்டேங்குது. நீ கப்பல்ல வந்த சாமிய தேடிப் போறியா?”

அக்காவின் புருஷன் கப்பல்காரர். கடைசியாக வந்தபோது கொடுத்துவிட்டுப் போன புத்தகம் அது. ஆறு வருஷமாகக் கடிதம் இல்லை. புத்தகம் மாதா படத்தின் கீழே, மல்லிகைச் சரத்தோடு இருந்தது. அட்டையெல்லாம் மெழுகு.

“மாதா ஜெபப் புஸ்தகம் தம்பி. எனக்குப் படிக்க வராது. வூடு மந்திரிக்க வந்த சாமியாரு இதுக்கும் தீர்த்தம் தெளிச்சிட்டுத்தான் போனாரு.”

இது மாதா புத்தகமே இல்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“இது முன்னால என்னக்கா கேப்பீங்க?”

“அவரு வரணும்னுதான். வேற என்ன?”

“பதில் வந்துச்சா?”

“வந்திருந்தா தெனம் எதுக்குக் கேக்கப் போறேன்? நல்லா கேட்ட போ, சாமியாருக்குப் படிச்ச புள்ள! ஒரு பக்கம் படிச்சுக் காட்டு.”

அவர் முட்டி போட்டார். நானும் போட்டேன், மூன்று வாரத்தில் முதல் முறை. பிரெஞ்சை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவர் ‘ஆமென்’ என்றார். கேட்டு வாங்கிப்போக வந்ததைக் கேட்கவில்லை. புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துச் சரத்தை நேராக்கினேன்.

போகிறவர்களுக்கு: திரும்பும் ரயில் மாலை 5.15. வெறுங்கையோடு வந்தால் சுங்கத்தில் சீக்கிரம் விடுவார்கள். அக்காவிடம் அது என்ன புத்தகம் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நேரமிருந்தால் கருவடிக்குப்பம் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது, ஒரு மைல் நடை. என் கேள்வியைக் கேட்க அந்த அமெரிக்கப் பையனைப் போல அங்கே முட்டி போட்டேன். எறும்பு கடித்தது. வாயில் வந்தது அந்தக் கப்பல்காரரின் பெயர்.